ஸ்பெஷல் சம்மன் முழு வழிகாட்டி: வளவில் உட்கார்ந்து யூ-கி-ஓ ஆடும் பிள்ளைகளுக்கு

கோடை விடுமுறை விட்டால் சென்னை, பெங்களூர், கோவை என்று சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் தேவகோட்டைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். மதிய வெயிலில் வெளியே விடமாட்டார்கள். வளவில் ஜமுக்காளத்தை விரித்து யூ-கி-ஓ கார்டை இறக்க ஆரம்பித்தால் சாயங்காலப் பலகாரம் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். நடுவில் பத்துத் தடவையாவது “அம்மான், இவன் ஏமாத்துறான்” என்று குரல் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். ஸ்பெஷல் சம்மன், அதாவது டர்னுக்கு ஒரு தடவை என்ற வழக்கமான கணக்கைத் தாண்டி மான்ஸ்டர் கார்டைக் களத்தில் இறக்குவது, அதன் விதி இருவருக்குமே அரைகுறையாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டைக் கொனாமி நிறுவனம் 1999ல் ஜப்பானில் கொண்டுவந்தது. அதன்பின் சின்க்ரோ, எக்ஸீஸ், பெண்டுலம், லிங்க் என்று மான்ஸ்டரை இறக்கும் முறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிட்டன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு மான்ஸ்டர் இறங்கும்போது இரண்டே கேள்வி கேட்டால் போதும். இந்தச் சம்மன் செயின் தொடங்குகிறதா, அதாவது எதிராளி பதில் கார்டு போட, அதற்கு இன்னொரு பதில் என்று அடுக்காகச் சேருமா? இந்த மான்ஸ்டர் முதல் தடவை முறைப்படிதான் களத்துக்கு வந்ததா? நான் தீர்த்துவைத்த சண்டைகளில் முக்கால்வாசி இந்த இரண்டில்தான் முடிந்தது. அதனால் அந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதைத் தேவையான அளவுக்கு.

உட்காருவதற்கு முன்

ஆத்தங்குடிக் கல் பார்க்க அழகு, கார்டு ஆட ஆகாது. ஸ்லீவ் போட்ட கார்டு மின்விசிறிக் காற்றுக்கே வழுக்கிப் போய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதே தெரியாமல் போகும். கட்டம் இந்த ஆட்டத்தில் முக்கியம் என்பதால் பாயோ ஜமுக்காளமோ கட்டாயம். ஒவ்வொருவருக்கும் 5 மெயின் மான்ஸ்டர் கட்டம், அதற்குக் கீழே 5 ஸ்பெல், டிராப் கட்டம், நடுவில் இருவருக்கும் பொதுவாக 2 எக்ஸ்ட்ரா மான்ஸ்டர் கட்டம். மெயின் டெக்கில் 40 முதல் 60 கார்டு, ஃப்யூஷன், சின்க்ரோ போன்றவற்றைத் தனியாக வைக்கும் எக்ஸ்ட்ரா டெக்கில் அதிகபட்சம் 15. ஆளுக்கு 8000 லைஃப் பாயிண்ட்.

டோக்கனுக்கு, அதாவது டெக்கில் கார்டு இல்லாமல் எஃபெக்டால் மட்டும் களத்துக்கு வரும் மான்ஸ்டருக்கு அடையாளமாக, சோழி வைக்கிறார்கள். வேண்டாம். டோக்கன் அட்டாக் நிலையில் இருக்கிறதா டிஃபென்ஸ் நிலையில் இருக்கிறதா என்று பார்த்த உடனே தெரிய வேண்டும், சோழியில் அது தெரியாது. ஐயாவின் பழைய ரம்மிக் கட்டிலிருந்து நாலு சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்டாக வைத்தால் அட்டாக், குறுக்காக வைத்தால் டிஃபென்ஸ்.

கடைத்தெருவில் மலிவாக வாங்கிய போலிக் கார்டுகளில் எழுத்து மங்கியிருக்கும், சில சமயம் வரியே மாறியிருக்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: சந்தேகம் வந்தால் கொனாமியின் அதிகாரப்பூர்வ கார்டு தளத்தில் இருக்கும் வாசகமே முடிவு. அசல் கார்டாகவே இருந்தாலும் பழைய அச்சில் ஒரு வாசகம், புதிய அச்சில் வேறு வாசகம் இருக்கலாம். புதியதுதான் செல்லும்.

படி 1: நார்மல் சம்மனை ஓரமாக வைத்துவிடுங்கள்

ஒரு டர்னுக்கு ஒரு நார்மல் சம்மன். லெவல் 4 வரை சும்மா இறங்கும், 5, 6 என்றால் களத்தில் உள்ள ஒரு மான்ஸ்டரை டிரிபியூட்டாக (காவாக) கொடுக்க வேண்டும், 7ம் அதற்கு மேலும் என்றால் இரண்டு. கவிழ்த்து செட் செய்தாலும் அந்த ஒரு வாய்ப்பு போய்விடும். ஸ்பெஷல் சம்மன் இந்தக் கணக்கில் சேராது. கார்டு வேறு மாதிரி சொல்லாதவரை ஒரு டர்னில் எத்தனை தடவையும் செய்யலாம். லெவல் 8 மான்ஸ்டராக இருந்தாலும், ஸ்பெஷல் சம்மனாக வந்தால் டிரிபியூட் கேட்காது.

இறக்கும்போது மான்ஸ்டரை மேல்முகமாக அட்டாக் நிலையிலோ டிஃபென்ஸ் நிலையிலோ நீங்களே தேர்ந்து வைக்கலாம். கார்டு சொன்னால் மட்டுமே கவிழ்த்து வைக்க முடியும். அட்டாக் நிலையில் வந்தது அதே டர்னில் அடிக்கலாம். ஆனால் வந்த டர்னிலேயே அதன் நிலையைக் கையால் மாற்ற முடியாது.

படி 2: கார்டின் முதல் வரியைப் படியுங்கள்

படத்தையும் அட்டாக் எண்ணையும் பார்த்துவிட்டு முதல் வரியைத் தாண்டிப் போவதுதான் பிள்ளைகளின் வழக்கம். சம்மன் நிபந்தனை உள்ள கார்டில் அது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எதுவும் சொல்லவில்லை என்றால் அது சாதா மான்ஸ்டர். எந்த எஃபெக்ட் மூலமும் அதை ஸ்பெஷல் சம்மன் செய்யலாம்.

நார்மல் சம்மன் செய்ய முடியாது என்று சொல்லி, தொடர்ந்து ‘மஸ்ட் ஃபர்ஸ்ட் பி’ என்று வந்தால், முதல் தடவை அது சொல்லும் வழியில்தான் வர வேண்டும். பிறகு வேறு வழியிலும் வரலாம். பிளாக் லஸ்டர் சோல்ஜர் – என்வாய் ஆஃப் தி பிகினிங் இந்த வகை. கிரேவ்யார்டிலிருந்து (அழிந்த, கழித்த கார்டுகள் போய்ச் சேரும் இடம்) ஒரு லைட், ஒரு டார்க் மான்ஸ்டரை பேனிஷ் செய்து (ஆட்டத்திலிருந்தே விலக்கி) கையிலிருந்து இறக்க வேண்டும்.

‘ஃபர்ஸ்ட்’ இல்லாமல் ‘மஸ்ட் பி’ என்று மட்டும் இருந்தால் எப்போதும் அந்த ஒரே வழிதான். டார்க் ஆர்ம்டு டிராகன் அப்படி. உங்கள் கிரேவ்யார்டில் டார்க் மான்ஸ்டர் சரியாக 3 இருக்கும்போது மட்டும் கையிலிருந்து வரும். 2 இருந்தாலும் வராது, 4 இருந்தாலும் வராது. செத்த பிறகு மான்ஸ்டர் ரீபார்ன் போட்டு எழுப்பவும் முடியாது.

‘கேனாட் பி ஸ்பெஷல் சம்மன்ட்’ என்றிருந்தால் பேச்சே இல்லை. அந்தக் கார்டுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

படி 3: செயின் தொடங்குகிறதா?

ஸ்பெஷல் சம்மன் இரண்டு விதம். ஒன்று, ஏதோ ஒரு கார்டின் எஃபெக்ட் மூலம் வருவது. அது ஸ்பெல்லாக, டிராப்பாக, மான்ஸ்டர் எஃபெக்டாக இருக்கலாம். மற்றது, மான்ஸ்டர் தன் நிபந்தனை நிறைவேறியதால் தானே வருவது. முதலாவது செயின் தொடங்கும், இரண்டாவது தொடங்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரு மான்ஸ்டர் களத்தில் வந்து நிற்கிறது. ஆனால் எதிராளி எந்த நேரத்தில் எந்தக் கார்டைப் போடலாம் என்பது முழுக்க மாறிவிடுகிறது.

மான்ஸ்டர் ரீபார்னை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஸ்பெல்லைப் போட்டு, கிரேவ்யார்டில் உள்ள ஒரு மான்ஸ்டரைக் குறி வைக்கிறீர்கள். இது செயின் 1. மான்ஸ்டர் இன்னும் வரவில்லை. எதிராளி இதற்குப் பதில் சொல்லலாம். அவர் கையில் டி.டி. க்ரோ இருந்தால் அதைக் கழித்து, நீங்கள் குறி வைத்த மான்ஸ்டரையே பேனிஷ் செய்கிறார். இது செயின் 2. செயின் கடைசியிலிருந்து அவிழும். முதலில் காகம் கொத்திக்கொண்டு போகிறது, பிறகு ரீபார்ன் வந்து பார்த்தால் எழுப்ப ஆள் இல்லை. கார்டும் வீண்.

இப்போது சைபர் டிராகன். களத்தில் எதிராளிக்கு மட்டும் மான்ஸ்டர் இருந்து உங்களுக்கு ஒன்றும் இல்லையென்றால் கையிலிருந்து அப்படியே இறக்கலாம். இது எஃபெக்ட் ஆக்டிவேட் ஆவதில்லை, செயின் இல்லை. எதிராளி நடுவில் புகுந்து எஃபெக்டை நெகேட் செய்ய (செல்லாமல் ஆக்க) அங்கே எஃபெக்டே கிடையாது. சம்மனையே நெகேட் செய்யும் கார்டு மட்டும்தான் தடுக்கும். பாதி லைஃப் பாயிண்ட் கொடுத்துப் போடும் சாலம் ஜட்ஜ்மெண்ட், 1500 கொடுத்துப் போடும் சாலம் ஸ்ட்ரைக் இரண்டும் அப்படிப்பட்டவை. எதிராளியிடம் அவை இல்லையென்றால் சைபர் டிராகன் வந்து நிற்கும். வந்து நின்ற பிறகே பாட்டம்லெஸ் டிராப் ஹோல், டொரென்ஷியல் ட்ரிபியூட் போன்றவற்றுக்கு வேளை வரும்.

இதில் ஒரு நுணுக்கம் பெரியவர்களுக்கே தப்பும். சாலம் ஜட்ஜ்மெண்ட் ஒரு மான்ஸ்டர் தானே வருவதையும் தடுக்கும், ஸ்பெல் டிராப்பையும் தடுக்கும். அதனால் ரீபார்ன் மேல் போடலாம், ஆனால் அப்போது அது தடுப்பது ரீபார்னை, சம்மனை அல்ல. மான்ஸ்டர் எஃபெக்ட் மூலம் இன்னொரு மான்ஸ்டர் வருகிறதென்றால் ஜட்ஜ்மெண்டால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ஸ்ட்ரைக்தான் வேண்டும்.

ஆஷ் பிளாஸம் கையில் இருந்தால் எதற்கும் அதை எடுத்து வீசுவது பிள்ளைகளிடம் ஒரு வியாதி. டெக்கிலிருந்து ஸ்பெஷல் சம்மன் செய்யும், டெக்கிலிருந்து கைக்கு எடுக்கும், டெக்கிலிருந்து கிரேவ்யார்டுக்கு அனுப்பும் எஃபெக்டுகளுக்கு மட்டுமே அது பதில். கிரேவ்யார்டிலிருந்து எழுப்பும் ரீபார்னுக்குச் செல்லாது. சைபர் டிராகனுக்கும் செல்லாது. எக்ஸ்ட்ரா டெக் இங்கே டெக் கணக்கில் வராது என்பதால் சாதாரண பாலிமரைசேஷனுக்கும் செல்லாது.

நேரமும் மாறுகிறது. தானே வரும் மான்ஸ்டர்கள் உங்கள் டர்னின் மெயின் ஃபேஸில், வேறு எந்தச் செயினும் ஓடாதபோது மட்டும் வரும். எஃபெக்ட் வழி வருபவை அந்த எஃபெக்டுக்கு அனுமதி உள்ள நேரமெல்லாம் வரும். கால் ஆஃப் தி ஹான்டெட் டிராப்பை எதிராளி டர்னிலும் திறக்கலாம், உங்கள் பேட்டில் ஃபேஸில் திறந்து எழுந்த மான்ஸ்டரைக் கொண்டே அடிக்கவும் செய்யலாம்.

கடைசியாக, எதிராளியின் டிராப்புக்கு வேளை வராமல் போகும் ஒரு சூழல். பாட்டம்லெஸ் டிராப் ஹோல் போட வேண்டுமென்றால் சம்மன்தான் கடைசியாக நடந்த காரியமாக இருக்க வேண்டும். செயின் 2ல் மான்ஸ்டர் இறங்கி, அதன்பின் செயின் 1 அவிழ்ந்து வேறு ஏதோ நடந்தால் அந்த வேளை தாண்டிவிட்டது. “வந்துச்சுல்ல, போடுறேன்” என்று எதிராளி கையைத் தூக்கினாலும் செல்லாது.

சைபர் டிராகனுக்கே இன்னொரு கேள்வி. கையில் இரண்டு இருக்கிறது, இரண்டையும் இறக்கலாமா? முதலாவது வந்து நின்றதும் உங்களிடம் ஒரு மான்ஸ்டர் இருக்கிறது, நிபந்தனை போய்விட்டது, இரண்டாவது வராது. ஆனால் முதலாவதை ஜட்ஜ்மெண்ட் போட்டு அழித்துவிட்டால் உங்கள் பக்கம் மறுபடி காலி. இரண்டாவதை இறக்கலாம்.

படி 4: முறைப்படி வந்ததா?

என்வாயைக் கையிலிருந்து ஏதோ ஒரு எஃபெக்டுக்காகக் கழித்துவிட்டீர்கள், கிரேவ்யார்டில் கிடக்கிறது. ரீபார்ன் போட்டு எழுப்பலாமா? கூடாது. அது ஒரு தடவைகூட முறைப்படி களத்துக்கு வரவில்லை. அதே என்வாய் லைட், டார்க் பேனிஷ் செய்து வந்து, ஒரு சுற்று ஆடிவிட்டு அழிந்து போயிருந்தால் தாராளமாக எழுப்பலாம். நம் பக்கத்தில் கல்யாணமாகி நகரக் கோயிலில் புள்ளியாக (தனிக் குடும்பக் கணக்காக) சேர்ந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு காரியத்துக்கும் யாரும் திரும்பக் கேட்பதில்லை, சேராதவரை கணக்கில் இல்லை. இதுவும் அப்படித்தான்.

எக்ஸ்ட்ரா டெக் மான்ஸ்டர்களுக்கும் இதே விதி, கார்டில் தனியாக எழுதியிருக்காவிட்டாலும். ப்ளூ-ஐஸ் அல்டிமேட் டிராகனை மூன்று ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகனைச் சேர்த்து ஃப்யூஷன் சம்மன் செய்து, அது அழிந்தால் ரீபார்ன் எழுப்பும். எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து நேரே கிரேவ்யார்டுக்கு அனுப்பியிருந்தால் எழுப்பாது. சைபர்-ஸ்டைன் 5000 லைஃப் பாயிண்ட் வாங்கிக்கொண்டு அல்டிமேட் டிராகனை எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து கொண்டுவரும். களத்தில் வந்துவிட்டதே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது ஃப்யூஷன் சம்மன் அல்ல, வெறும் ஸ்பெஷல் சம்மன். அப்படி வந்து அழிந்தால் ரீபார்ன் வேலை செய்யாது. இன்ஸ்டன்ட் ஃப்யூஷன் 1000 வாங்கிக்கொண்டு லெவல் 5 அல்லது அதற்குக் கீழுள்ள ஃப்யூஷன் மான்ஸ்டரைக் கொண்டுவருகிறது, ஆனால் அதை ஃப்யூஷன் சம்மனாகவே செய்கிறது. அதனால் அது முறைப்படி வந்த கணக்கு.

இரண்டு சேர்க்கை. சம்மன் நெகேட் ஆனால் முறைப்படி வந்ததாக ஆகாது. கொடுத்த விலையும் திரும்பாது: பேனிஷ் ஆனது பேனிஷ் ஆனதுதான், மெட்டீரியலாகக் கொடுத்த மான்ஸ்டர்கள் போனது போனதுதான். மற்றது, முறைப்படி வந்த என்வாய் திரும்பக் கைக்கோ டெக்குக்கோ போனால் கணக்கு அழிந்துவிடும், அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து.

படி 5: எக்ஸ்ட்ரா டெக்கும் ரிச்சுவலும்

ரிச்சுவல் மான்ஸ்டர் நீல நிறம், எக்ஸ்ட்ரா டெக்கில் அல்ல, மெயின் டெக்கில்தான் இருக்கும். அதற்கென்று ஒரு ரிச்சுவல் ஸ்பெல் வேண்டும், கையிலோ களத்திலோ உள்ள மான்ஸ்டர்களை டிரிபியூட் கொடுத்து லெவல் கணக்கைக் கட்ட வேண்டும். கூட்டுத்தொகை சரியாக இருக்க வேண்டுமா, அதிகமாக இருக்கலாமா என்பதை அந்த ஸ்பெல்லே சொல்லும்.

ஃப்யூஷனில் பாலிமரைசேஷன் செயின் தொடங்கும். மெட்டீரியலை ஸ்பெல் அவிழும்போதுதான் கிரேவ்யார்டுக்கு அனுப்ப வேண்டும், போடும்போதே அல்ல. எந்த மான்ஸ்டரைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லவும் வேண்டியதில்லை. கிளாடியேட்டர் பீஸ்ட் கைஸாரஸ் மாதிரி சிலவற்றுக்குப் பாலிமரைசேஷனே வேண்டாம், களத்தில் உள்ள மெட்டீரியலை டெக்கில் கலைத்துப் போட்டால் வந்துவிடும். அது செயின் தொடங்காது, ஃப்யூஷன் சம்மனாகவும் எண்ணப்படாது.

2008ல் வந்த சின்க்ரோ எனக்குப் பிடித்தது, கணக்கு சுத்தமாக இருப்பதால். கார்டில் டியூனர் என்று எழுதியிருக்கும் ஒரு மான்ஸ்டர், அதோடு டியூனர் அல்லாத ஒன்றோ அதற்கு மேலோ. எல்லாம் உங்கள் களத்தில் மேல்முகமாக இருக்க வேண்டும். லெவல்களின் கூட்டுத்தொகை துல்லியமாகப் பொருந்த வேண்டும், கூடவோ குறையவோ கூடாது. படி 3ஐப் புரியவைக்கவும் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கிரேவ்யார்டில் லெவல் 2 ஸ்பீடு வாரியர் இருக்கிறது. லெவல் 3 டியூனரான ஜங்க் சின்க்ரானை நார்மல் சம்மன் செய்கிறீர்கள். அதன் எஃபெக்ட் கிரேவ்யார்டிலிருந்து ஸ்பீடு வாரியரை டிஃபென்ஸ் நிலையில் கொண்டுவருகிறது. இது செயின் தொடங்கும், டி.டி. க்ரோ கொத்தலாம். பிறகு 3ம் 2ம் 5, இரண்டையும் கிரேவ்யார்டுக்கு அனுப்பி ஜங்க் வாரியரைச் சின்க்ரோ சம்மன் செய்கிறீர்கள். இது செயின் தொடங்காது, சம்மனை நெகேட் செய்யும் கார்டு மட்டுமே தடுக்கும். ஒரே டர்னில் மூன்று விதச் சம்மன். இதைப் பிள்ளைகளிடம் பத்து தடவை மெதுவாக ஆட வைத்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

எக்ஸீஸ் 2011ல் வந்தது. ஒரே லெவல் உள்ள மான்ஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் கருப்புக் கார்டை வைப்பது. நம்பர் 39: யூடோப்பியாவுக்கு லெவல் 4 இரண்டு. எக்ஸீஸுக்கு லெவல் கிடையாது, ரேங்க்தான். அதனால் அதைச் சின்க்ரோவுக்கு மெட்டீரியலாகக் கொடுக்க முடியாது. அடியில் உள்ள கார்டுகள் களத்தில் இருப்பதாகவே கணக்கில்லை. டோக்கனை எக்ஸீஸுக்கு அடுக்க முடியாது. ரம்மிச் சீட்டு வைத்து ஆடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

பெண்டுலம் (2014) கொஞ்சம் பொறுமை கேட்கும். ஸ்பெல் வரிசையின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒவ்வொரு பெண்டுலம் கார்டை ஸ்பெல்லாக வைக்கிறீர்கள். ஸ்டார்கேஸர் மேஜிஷியனின் ஸ்கேல் 1, டைம்கேஸர் மேஜிஷியனின் ஸ்கேல் 8. இரண்டுக்கும் நடுவில் உள்ள லெவல்கள், அதாவது 2 முதல் 7 வரை, கையிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் ஒரே வீச்சில் வரும். 1ம் 8ம் சேராது. டர்னுக்கு ஒரு தடவை மட்டும். செயின் இல்லை. ஜட்ஜ்மெண்ட் விழுந்தால் மொத்தக் கூட்டமும் போகும். களத்திலிருந்து கிரேவ்யார்டுக்குப் போக வேண்டிய பெண்டுலம் மான்ஸ்டர், மேல்முகமாக எக்ஸ்ட்ரா டெக்குக்குப் போகிறது, அடுத்த பெண்டுலம் சம்மனில் அங்கிருந்தும் வரும். ஆனால் சம்மனே நெகேட் ஆகியிருந்தால் அது களத்தைத் தொடவே இல்லை, நேரே கிரேவ்யார்டுதான்.

2017ல் வந்த லிங்க் மான்ஸ்டருக்கு லெவலும் இல்லை, டிஃபென்ஸும் இல்லை. எப்போதும் அட்டாக் நிலை, கவிழ்க்கவும் முடியாது. டீகோட் டாக்கர் லிங்க் 3, கேட்பது இரண்டோ அதற்கு மேலோ எஃபெக்ட் மான்ஸ்டர்கள். மூன்று மான்ஸ்டர் கொடுக்கலாம், அல்லது ஒரு லிங்க் 2 மான்ஸ்டரை இரண்டாக எண்ணி இன்னொன்றைச் சேர்க்கலாம். லிங்க் 2ஐ ஒன்றாகவும் எண்ணலாம், இரண்டாகவும் எண்ணலாம். நடுவாந்தரமாக எண்ண வழியில்லை.

எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதில் பழைய விதி இன்னும் பலர் தலையில் ஓடுகிறது. 2017 விதிப்படி எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து வரும் எதுவும் எக்ஸ்ட்ரா மான்ஸ்டர் கட்டத்துக்கோ லிங்க் மான்ஸ்டர் கார்டில் உள்ள அம்பு காட்டும் கட்டத்துக்கோதான் போக முடியும். 2020 ஏப்ரலில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது ஃப்யூஷன், சின்க்ரோ, எக்ஸீஸ் மூன்றும் மெயின் கட்டத்தில் நேரே இறங்கும். லிங்க் மான்ஸ்டருக்கும், எக்ஸ்ட்ரா டெக்கில் மேல்முகமாகக் கிடக்கும் பெண்டுலம் மான்ஸ்டருக்கும் மட்டும் பழைய கட்டுப்பாடு நீடிக்கிறது. ஐந்து கட்டமும் நிரம்பியிருக்கிறது, சின்க்ரோ செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், மெட்டீரியல் போனதும் இடம் காலியாகிறதே.

படி 6: எதிராளி கதவை அடைத்தால்

கட்டுப்பாட்டுப் பட்டியல் அடிக்கடி மாறும், ஒரு கார்டுக்கு இன்று அனுமதி உண்டா என்பதை அன்றைய பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்டத்தில் நீங்களே முடிவு செய்யலாம்.

ஒரே டர்னில் வரிசையாக இறக்கிக்கொண்டே போகிறவர் ஐந்தை எண்ண வேண்டும். அவர் ஐந்து அல்லது அதற்கு மேல் மான்ஸ்டரை நார்மலாகவோ ஸ்பெஷலாகவோ இறக்கியிருந்தால் எதிராளி மெயின் ஃபேஸில் கையிலிருந்து நிபிருவைக் காட்டலாம். மேல்முகமாக உள்ள மான்ஸ்டர்கள் அத்தனையும் டிரிபியூட்டாகி, நிபிரு ஒரு பக்கம், ஒரு டோக்கன் உங்கள் பக்கம் என்று களம் துடைத்துவிட்டது போல ஆகும். நாலாவதாக வருவது எதிராளியின் எஃபெக்டை நெகேட் செய்யும் மான்ஸ்டராக இருக்கும்படி வரிசையை அமைத்தால் ஐந்தாவதைத் தைரியமாக இறக்கலாம்.

எல் ஷடால் வின்டா நின்றால் ஆளுக்கு டர்னுக்கு ஒரே ஒரு ஸ்பெஷல் சம்மன்தான். ஒரே வீச்சில் நாலு பேரைக் கொண்டுவரும் பெண்டுலம் இங்கே ஒரு தடவையாகவே எண்ணப்படும், அந்த டெக்கை ஆடுகிறவருக்குக் கொண்டாட்டம். ஆர்ச்லார்டு கிறிஸ்டியாவும் ஃபாசில் டைனா பாக்கிசெஃபலோவும் இருவருக்குமே முழுத் தடை. அப்போது கையில் இருக்கும் பளபளப்பான கார்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. ஃபாசில் டைனாவின் அட்டாக் வெறும் 1200, டிஃபென்ஸ் 1300. 1400 அட்டாக் உள்ள ஒரு நாலு லெவல் மான்ஸ்டரை நார்மல் சம்மன் செய்து அடித்தால் தீர்ந்தது. கிறிஸ்டியாவின் 2800ஐ அப்படி அடிக்க முடியாது. அதற்கு அழிக்கும் ஸ்பெல்லோ டிராப்போ டெக்கில் மூன்று நாலாவது எப்போதும் வைத்திருங்கள்.